இரண்டு பேருக்கு ஒரு பை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றுப்பாட்டுக்குச் செய்த ஒரு மொழிபெயர்ப்பில் பிறந்தது. விளையாட்டுச் சாமான் விற்கும் ஓர் இணையதளத்தார் ஒரு கட்டுரையை அனுப்பித் தமிழில் கேட்டார்கள். கோல்ஃப் ஆட்டத்தில் ஃபேர்வே வுட் என்று ஒரு மட்டை இருக்கிறதாம்.* பழைய ஃபேர்வே வுட்டையே வைத்துக்கொள்வதா, புதியது வாங்குவதா என்பதுதான் கட்டுரையின் கேள்வி. நானோ காக்களூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் குடியிருப்பவன். லேத் பட்டறைச் சத்தம் கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. கோல்ஃப் மைதானத்து வாசலைக்கூட மிதித்ததில்லை.

(* பெயரில்தான் வுட். ஒரு காலத்தில் தலைப்பகுதி மரத்தில் இருந்ததாம். இப்போது பெரும்பாலும் உலோகம். புல்தரையில் கிடக்கும் பந்தை நெடுந்தூரம் அனுப்புவதற்கான மட்டை. இவ்வளவு தெரிந்தால் கதைக்குப் போதும். எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.)

ஒருமுறை பார்த்துவிட்டு வந்து எழுதுவோம் என்று ஒரு ஞாயிறு விடியலில் கிளம்பிக் கவரைப்பேட்டை பக்கம் போனேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு வந்து போகும் வெளிநாட்டுக்காரர்களுக்காகப் போட்ட சின்ன மைதானம் அங்கே இருக்கிறது. வேலிக்கு வெளியே டீ குடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு பெண்ணும் ஓர் ஆணும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து இரண்டு, மட்டைகள் வைக்கும் பை ஒன்று. அவன் பந்து இடது ஓரத்தில் கிடந்தது, அவள் பந்து வலது ஓரத்தில். இருவரும் சேர்ந்து இடது ஓரத்துக்கு நடந்தார்கள், அவன் அடித்தான். பிறகு அதே மட்டையோடு இருவரும் வலது ஓரத்துக்கு நடந்தார்கள், அவள் அடித்தாள். டீ ஆறிப்போயிற்று.

அவர்களிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இனி வருவது அத்தனையும் என் கற்பனை. அவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

முதல் தொடக்கம்: அன்று காலை ஜெனிபர் எழுந்தபோது

(அடித்துவிட்டேன். எந்தக் கதையைத் திறந்தாலும் யாராவது எழுந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.)

இரண்டாவது: பனி என்பது பூமி காணும்

(ஐயோ, வேண்டாம்.)

மூன்றாவது: மோட்டார் சைக்கிளில் கோல்ஃப் பையைக் கொண்டுபோவது எப்படி என்றால்

(இது பரவாயில்லை. இங்கிருந்தே போவோம்.)

மோட்டார் சைக்கிளில் கோல்ஃப் பையைக் கொண்டுபோவது எப்படி என்றால், பின்னால் உட்காருபவர் அதைத் தொடைமேல் குறுக்கே போட்டு இரண்டு கையாலும் அணைத்துக்கொள்ள வேண்டும். பொங்கலுக்குக் கரும்புக்கட்டு கொண்டுபோகிற மாதிரி. ஜெனிபர் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் மணவாள நகரிலிருந்து பெரியபாளையம் வழியாக மைதானம் வரைக்கும் போகிறாள். ஓட்டுவது அவள் புருஷன் அன்புராஜ். பேருந்து எதிரே வந்தால், "ஸ்டிக்க மடக்கு, ஸ்டிக்க மடக்கு," என்று கத்துவான். மடக்குவதற்கு அது என்ன குடையா? இவள் பையை நிமிர்த்திக்கொள்வாள். ஆட்டம் முடிந்து, இரண்டாவது ஆராதனைக்கு நேரத்தோடு திரும்பி, புல்விதை ஒட்டிய சுடிதாரோடு வேதக் கோயிலில் முழங்கால் போடுவாள்.

ஜெனிபர் காக்களூரில் வால்வு செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகி. அன்புராஜ் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். இருவருடைய பெற்றோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர்கள் கையில் கோல்ஃப் மட்டை எப்படி வந்தது? அன்புராஜின் கொரிய மேலாளர் ஊருக்குத் திரும்பும்போது விமானத்தில் ஏற்ற முடியாத பையை, "நீ வைத்துக்கொள்," என்று அவனிடம் விட்டுப்போனார். இவனை ஆட விடும்படி மைதானத்துக்காரர்களிடமும் சொல்லிவிட்டுப் போனார். இப்படித்தான் வந்தது.

அவனுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். அவளுக்கு எப்போதும் பகல் வேலை. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வார நாட்களில் புருஷனும் பெண்டாட்டியும் சந்திப்பது வாசற்படியில், ஒருவர் செருப்பைக் கழற்ற, மற்றவர் மாட்டும்போது. "சாம்பார் கீது." "சிலிண்டர் புக் பண்ணிட்டேன்." அவ்வளவுதான் பேச்சு.

ஆனால் மைதானத்தில், அவன் பந்திலிருந்து அவள் பந்துக்கு நடக்கும் தூரத்தில், அன்புராஜ் பேசுவான். வீட்டில் ஊமையாக இருக்கும் அதே ஆள்தான். ஒருமுறை எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிவிட்டுத் தொழிற்சாலைக் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுததை, புல்லைப் பார்த்தபடி அவளிடம் சொன்னதும் அந்த நடையில்தான். அவள் மட்டையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அந்த நடைக்காகத்தான் ஜெனிபர் வாரம் முழுக்க வால்வுகளை அளந்துகொண்டிருக்கிறாள். இது அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா என்பது அவளுக்குத் தெரியாது.

3

இப்போது புதிய மட்டை வருகிறது. கட்டுரைக்கு விசுவாசமாக நான் அதைக் கொண்டுவந்தே ஆக வேண்டும்.

அன்புராஜின் தொழிற்சாலையில் நீண்ட காலம் வேலை பார்த்தவர்களுக்கு, என்ன வேண்டும் என்று கேட்டு வாங்கித் தருவார்கள். மற்றவர்கள் மிக்ஸி கேட்டார்கள், கைக்கடிகாரம் கேட்டார்கள். அன்புராஜ் ஃபேர்வே வுட் கேட்டான். அது வந்து சேர்ந்த நாள் ஆயுத பூசை.

ஸ்டோர் பொறுப்பாளர் சடையப்பன் பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர், மட்டையை நேராகக் கொண்டுபோய் வெல்டிங் மிஷினுக்கும் பைப் ஸ்பேனருக்கும் நடுவில் பூசைக்கு வைத்துவிட்டார்.

"சடையப்பா, அது வெளயாட்டு சாமான்யா," என்றான் அன்புராஜ்.

"அடிக்கிறதுதான சார்? சுத்தியலுக்கு வெக்கிறோம், இதுக்கு வெக்கக் கூடாதா?" என்றார் சடையப்பன். மட்டையின் முகம் முழுக்கச் சந்தனத்தை அப்பினார், நடுவில் குங்குமம் வைத்தார், கழுத்தில் கதம்பம் சுற்றினார். "நாளிக்கி வரைக்கும் தொட்டுடாதீங்க. அப்புறமும் நீங்களா தொடச்சிடாதீங்க சார். முதல் அடியில அதுவா உதுறணும்."

அன்புராஜ் மறுநாள் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தான். பைபிள் வசனக் காலண்டருக்குக் கீழே, சந்தனமும் குங்குமமுமாக ஒரு கோல்ஃப் மட்டை சுவரில் சாய்ந்து நின்றது. ஜெனிபர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாஸ்டரம்மா வந்தாங்கன்னா இன்னா சொல்லுவ?"

"நம்ம ஊட்டுக்குப் புதுசா ஒருத்தர் வந்துகீறாருன்னு சொல்லுவேன்," என்றான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஜெனி, இது உனுக்குத்தான். பழசு எனுக்கு இருக்கட்டும். பாதி ஸ்டிக்கு நீ வெச்சிக்கோ, பாதி நான் வெச்சிக்கிறேன். கம்பெனில ஒரு பழைய பை சும்மா கீது, கேட்டுகீறேன். இனிமே எனுக்கோசரம் நீ காத்துக்கினு நிக்க வாணாம். உன் பந்து எங்க கீதோ நீ பாட்டுக்குப் போயி அடிக்கலாம்."

அவன் முகம் பூரித்திருந்தது. ஜெனிபரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நல்லா கீது," என்றாள்.

4

(இங்கே எனக்கு அன்புராஜ் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவனாக ஒரு புருஷனை எழுதினால் நீங்கள் நம்புவீர்களா? அவளோடு நடக்கப் பிடிக்காமல்தான் இந்த ஏற்பாடு என்று மாற்றிப் பார்த்தேன். தனியாக நடந்தால் கைப்பேசியில் யாருடனோ பேசலாம் என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரியில் அன்புராஜ் வந்து நின்றான். ஜவுளிக் கடையில் அளவு சரியில்லாத சட்டையைப் போட்டுக் காட்டுகிறவன் போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். 'இது நானா சார்?' என்று கேட்பது போலிருந்தது. வரியை எடுத்துவிட்டேன்.

அவன் நல்லவன்தான். சிக்கலே அங்கேதான். கெட்டவன் தந்த பரிசைத் தூக்கி எறிந்துவிடலாம். ஆசையாகக் கேட்டு வாங்கி, பூசை போட்டு, பைக்கில் இடித்துக்கொள்ளாமல் கொண்டுவந்த பரிசை என்ன செய்வது?)

கட்டுரையிலிருந்து ஒரு பத்தி, என் மொழிபெயர்ப்பில்: 'புதிய மட்டைகளின் தலை பெரிது. பந்து நடுவில் படாமல் நுனியிலோ ஓரத்திலோ பட்டாலும் தூரம் அதிகம் குறையாது, திசையும் அதிகம் மாறாது. பழைய மட்டைகளின் தலை சிறிது. தவறாக அடித்தால் கை அதிரும், பந்து விலகும். எனினும் பழகிய மட்டையின் ஓசையையும் எடையையும் பலரும் விட மறுக்கிறார்கள்.'

ஓசை என்பதை நான் அடிக்கோடிட்டேன். பழையவை எஃகு, கணீர் என்று ஒலிக்கும். புதியவற்றின் மேற்புறம் கார்பன் ஃபைபர் என்னும் கரியிழையால் ஆனது, தலையணையைத் தட்டியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். கட்டுரைக்காரர் இதைக் குறையாகவும் சொல்லவில்லை, நிறையாகவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்துப் பனியில் நடக்கப்போகும் ஜெனிபருக்கு இது போதும், இதயமே கலங்கிவிடும்.

5

ஞாயிறு விடியலில் மைதானம் முழுக்கப் பனி.

(புரட்டாசியில் இவ்வளவு பனி விழாது என்று எனக்கும் தெரியும். முந்தின நாள் மழை பெய்தது, புல்லிலிருந்து ஆவி கிளம்பியது, தொழிற்சாலைப் புகையும் கொஞ்சம் கலந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு வேண்டியிருக்கிறது.)

வானம் தெளிந்த நாளில் வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தூரத்தில் பென்சில்களாகத் தெரியும். அன்று அவையும் இல்லை. குழியில் நட்ட கொடி இல்லை. வேலி இல்லை. கொக்குகள் மட்டும் புல்லில் நின்றன, அவையும் பனி சற்றுக் கெட்டியான இடங்களைப் போலவே நின்றன.

முதல் அடி வேறு மட்டையால் முடிந்தது. அவன் பந்து இடது பக்கம் போயிற்று, அவளுடையது வலது பக்கம். பழக்கத்தில் ஜெனிபர் இடது பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டாள்.

"உன்து அந்தப் பக்கம் ஜெனி," என்றான் அன்புராஜ் சிரித்துக்கொண்டே. தன் பையை மாட்டிக்கொண்டு பனிக்குள் போனான். முதலில் அவன் கால்கள் மறைந்தன, பிறகு பை, பிறகு தலை.

அவள் தன் பந்துக்கு நடந்தாள். ஓரமாக வளர்ந்த புல்லில் அது கிடந்தது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்த புதிய மட்டையை வைத்துப் பார்த்தாள். தலை பெரிதாக, பாந்தமாக இருந்தது. வீசினாள். கையில் ஒன்றுமே தெரியவில்லை. பந்து மட்டும் எழும்பி, எழும்பி, வெள்ளைக்குள் ஒரு வெள்ளையாகப் போய்விட்டது. இத்தனை நாளில் அவள் அவ்வளவு தூரம் அடித்ததில்லை. மகிழ்ச்சியில் உடம்பு சிலிர்த்தது, அதை மறைப்பானேன்! "இன்னாங்க, பாத்தீங்களா?" என்று திரும்பினாள்.

பனி.

அப்போதுதான் கேட்டது. எங்கோ இடப்புறத்திலிருந்து, கணீர் என்று. அவன் அடித்துவிட்டான். அந்த ஒலியை வைத்து அவன் எங்கே நிற்கிறான், நன்றாக அடித்தானா, கொஞ்சம் நுனியில் பட்டுவிட்டதா என்பதுவரை அவளால் சொல்ல முடியும். ஆனால் அவள் அடித்தது அவனுக்குக் கேட்டிருக்காது. இவ்வளவு அருமையான அடி, அவனைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

ஜெனிபர் மட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பந்து பட்ட இடத்தில் சந்தனம் உதிர்ந்து ஒரு வட்டம் விழுந்திருந்தது. நடுவில் இல்லை, தலையோடு கம்பு வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், குங்குமத்தைத் தொடாமல். தவறான அடிதான். மட்டை அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவள் தேய்மானம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். வால்வில் மூடி வந்து அமரும் இடத்தில் எந்தப் பக்கம் மினுங்குகிறது என்று பார்த்தாலே அது எப்படித் திறந்து மூடியது என்று சொல்லிவிடுவாள். அந்த வட்டத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய மட்டையின் முகம் ஞாபகம் வந்தது. அதில் செதுக்கியிருந்த கோடுகள் தேய்ந்து மினுங்கும் இடங்கள் இரண்டு. ஒன்று கம்புக்குப் பக்கத்தில், ஒன்று நுனியில். இத்தனை காலம் அதைப் பொதுவாகத் தேய்மானம் என்றே நினைத்திருந்தாள். இல்லை. கம்புப் பக்கம் இருப்பது அவள். நுனியில் இருப்பது அவன். இருவரும் ஒருநாளும் நடுவில் அடித்ததில்லை, ஒரே முகத்தில் பக்கத்துப் பக்கத்தில் தப்பாக அடித்திருக்கிறார்கள்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பனிக்குள் தனியாக நின்று கொஞ்சம் அழுதாள். யாரும் பார்க்கவில்லை, நானும் திரும்பிக்கொண்டேன்.

6

இனி முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

முடிவு ஒன்று. இரண்டு பைகள். இருவரும் நன்றாக ஆடப் பழகுகிறார்கள். ஜெனிபர் ஒரு கோப்பைகூட வாங்குகிறாள், அதை வசனக் காலண்டருக்குக் கீழே வைக்கிறார்கள். சாம்பார் கீது, சிலிண்டர் புக் பண்ணிட்டேன். (அவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.)

முடிவு இரண்டு. ஐந்தாவது குழிக்குப் பக்கத்தில் ஒரு குட்டை இருக்கிறது. புதிய மட்டை கைதவறி அதில் (இது என் கை தவறியது. அவள் கை அல்ல. தரப் பரிசோதகிக்குக் கை தவறாது.)

முடிவு மூன்று. அவள் அவனைத் தேடிப் போய்ச் சொல்லிவிடுகிறாள்:

"எனுக்கு இது வாணாங்க."

"ஏன், நல்லா போவலியா?"

"நல்லாத்தான் போச்சி. நீங்க அந்தாண்ட பேசாத போறீங்க, நான் இந்தாண்ட பேசாத போறேன். வாரம் பூரா இதுக்குத்தான் நான் பொழைக்கிறேன்."

"உன்ன நிக்க வெச்சிக்கினே இருக்கேனேன்னு எனுக்கு பேஜாரா இருந்துச்சி ஜெனி."

"நிக்க வெய்யுங்க. நான் நிக்கிறேன்."

இதை எழுதி முடித்தேன். பிறகு படித்துப் பார்த்தேன். ஜெனிபர் இதைச் சொல்ல மாட்டாள். இந்த மாதிரி வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவளாக இருந்தால், அவளுக்கு மைதானமே தேவைப்பட்டிருக்காது, வாசற்படியிலேயே சொல்லியிருப்பாள். அடித்துவிட வேண்டியதுதான். ஆனால் மனம் வரவில்லை. கிடக்கட்டும். அவள் சொல்லாததை நீங்களாவது கேட்டீர்கள்.

7

என் மொழிபெயர்ப்பு நேற்றுப் போய்விட்டது. மூலத்தின் கடைசிப் பத்தி, 'இரண்டையும் அடித்துப் பாருங்கள், தூரம் போவதை வைத்துக்கொள்ளுங்கள்,' என்று முடிகிறது. ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

மைதானத்தில் இன்னும் ஆட்டம் முடியவில்லை. கடைசிக் குழி. பனி கொஞ்சம் கிழிந்து, இடப்புறத்திலிருந்து அன்புராஜ் வருகிறான். வலப்புறத்திலிருந்து ஜெனிபர் வருகிறாள். காலை முழுக்க எதிரெதிர்த் திசையில் ஓடிய இரண்டு பந்துகளும், என்ன கூத்தோ, இங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. (இதை நான் செய்யவில்லை. சரி, நான்தான் செய்தேன்.)

"நல்லா போச்சா?" என்கிறான் அவன்.

"போச்சி," என்கிறாள் அவள்.

பேச வேண்டியது அவனிடமும் ஏதோ இருக்கிறது. காலையிலிருந்து வாயை இரண்டு மூன்று தரம் திறந்து, பக்கத்தில் ஆள் இல்லாததால் மூடிவிட்டான். அது என்ன என்று எனக்குத் தெரியாது. என்னிடமும் அவன் சொல்லவில்லை. பின்னால் வேறு ஒரு கூட்டம் காத்துக்கொண்டிருக்கிறது, அவர்களில் ஒருவர், "சீக்கிரம், சீக்கிரம்," என்று கை தட்டுகிறார்.

அன்புராஜ் பழைய மட்டையை எடுத்து அடிக்கிறான். கணீர். வழக்கம்போல நுனியில் பட்டு, பந்து கொஞ்சம் விலகிப் போகிறது. அது போகும் திசையைப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல், கை தானாக மட்டையைச் சுழற்றிக் கைப்பிடியைப் பின்பக்கம் நீட்டுகிறது. அவள் எப்போதும் நிற்கும் இடத்துக்கு.

"புடி," என்கிறான்.

நீட்டிய பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது. காது சிவக்கிறது. ஆனாலும் கையை மடக்கவில்லை.

ஜெனிபரின் கையில் புதிய மட்டை இருக்கிறது. சந்தனம் பாதி உதிர்ந்துவிட்டது, குங்குமம் அப்படியே இருக்கிறது. அவன் ஆசையாகக் கேட்டு வாங்கியது. நீட்டியதை வாங்கி அடிக்க வேண்டுமென்றால், இதை ஈரப் புல்லில் கீழே போட்டாக வேண்டும்.

பின்னால் இருப்பவர் மறுபடி கை தட்டுகிறார். நான் பேனாவை மூடிவிட்டேன். இனி அந்த இடத்தில் நிற்பது நீங்கள்தான், அவன் இன்னும் கையை நீட்டிக்கொண்டிருக்கிறான்.